குளத்தோரம் விராலுக்கு எறிபவர்களுக்குச் சில குறிப்புகள்

லூர் என்னும் செயற்கை இரை வைத்து மீன் பிடிக்கும் காணொளிகளில் அதிகம் வருவது அமெரிக்கக் குளங்களில் உள்ள பாஸ் மீன். நம் பக்கத்தில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது விரால். இரண்டுமே கரையோரக் களைக்குள் பதுங்கியிருந்து, தலைக்கு மேலே போகும் இரையைப் பாய்ந்து அடிப்பவை. அதனால் பாஸுக்கென்று செய்த மிதக்கும் றப்பர் தவளையும் ஸ்பின்னர்பெய்ட்டும் விராலுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. கொழும்பின் வெள்ளவத்தையில் இருந்தும் கொட்டாஞ்சேனையில் இருந்தும் நாம் போய் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் குட்டை, கால்வாய் மூலை, வாவியின் ஒதுக்குப்புறம். அங்கே மீன் குறைவு. கரையில் வைக்கும் ஒவ்வொரு அடியும் அதற்குத் தெரியும். முதல் ஐந்தாறு வீச்சுக்குள் கிடைக்காவிட்டால் அந்த இடம் கலைந்துவிட்டது என்றே கொள்ளலாம். இதை மனதில் வைத்தே கீழுள்ளவற்றைச் சொல்கிறேன்.

1. வெள்ளவத்தைக்காரர்கள் 100, 101 இலக்க பஸ்ஸில் மொறட்டுவைப் பக்கம் போனால் பொல்கொடை வாவியின் ஓரங்கள் கிட்டும். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் களனி கங்கையைக் கடந்து வத்தளைப் பக்கம் போகலாம். 1804இல் ஆங்கிலேயர் வெட்டி முடித்த ஹமில்டன் கால்வாயும் அதை ஒட்டிய சதுப்பும் அங்கே உண்டு. வாவியின் நடுவை மறந்துவிடுங்கள். மதகுக்குக் கீழே உள்ள பள்ளம், கால்வாய் திரும்பும் மூலை, கைவிட்ட வயலில் தேங்கிய தண்ணீர் ஆகியவற்றைத் தேடுங்கள். தனியார் காணி என்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெல்லன்வில - அத்திடியப் பகுதி 1990 முதல் சரணாலயம். அங்கே தூண்டிலை வெளியே எடுக்கவே வேண்டாம்.

2. போனவுடன் எறியாதீர்கள். பத்து நிமிடமாவது சும்மா நின்று பாருங்கள். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. காற்றை நேராக உறிஞ்சும் உறுப்பும் அதற்கு இருப்பதால், எவ்வளவு பதுங்கினாலும் இடைக்கிடை மேலே வந்துதான் ஆகவேண்டும். களை இடுக்கில் ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், பின்னால் ஒரு சிறிய வளையம். அதைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1905 அளவில் அழகுச் செடியாக நாட்டுக்குள் வந்த ஆகாயத்தாமரையும் 1939இல் வந்த சல்வீனியாவும் நம் நீர்நிலைகளை மூடிக் கெடுத்த களைகள். விராலுக்கோ அவைதான் கூரை. அந்தக் கூரையில் ஒரு சாண் தண்ணீர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் உங்கள் கண் இருக்க வேண்டும்.

3. வெயிலை முதுகில் வைத்து நின்றால் உங்கள் நிழல் தண்ணீரில் நீளமாக விழும். அது விழாத பக்கமாகப் பார்த்து நில்லுங்கள்.

4. கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. அதற்குக் கால் மணி முன்னர் கரையில் இருந்தால் எட்டு மணி வரை நல்ல நேரம். மாலையில் ஐந்துக்குப் பிறகு. மழை பெய்து மதகு வழியாகப் புதுத்தண்ணீர் வரத் தொடங்கும் வேளை எல்லாவற்றிலும் சிறந்தது. உச்சி வெயிலில் போகத்தான் நேர்ந்தால், அடர்ந்த களையின் மேலே தவளையை மட்டும் இழுத்துப் பாருங்கள்.

5. தடி ஆறரை, ஏழு அடி நீளமும் சற்று விறைப்பும் உள்ளதாக இருக்கட்டும். நூலில் சிக்கனம் பார்க்காதீர்கள். தங்கூசி நூல் இழுபடும், களைக்குள் முறுகிக்கொள்ளும். 30 முதல் 40 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல்தான் இதற்கு வேண்டும். விரால் கடித்தவுடன் களைக்குள் தலையை நுழைத்துத் தண்டைச் சுற்றிவிடும் மீன். முதல் இரண்டு விநாடியில் அதன் தலையை மேலே திருப்பாவிட்டால் பிறகு நீங்கள் இழுப்பது ஒரு கூடை ஆகாயத்தாமரையைத்தான்.

6. றப்பர் தவளை வாங்கும்போது விரலால் நசுக்கிப் பாருங்கள். உடல் எளிதாக அமுங்க வேண்டும். அமுங்கும்போது முதுகோடு ஒட்டிக் கிடக்கும் இரண்டு முட்களும் துலக்கமாக வெளியே தெரிய வேண்டும். கல்லுப் போல இருக்கும் தவளை மலிவாகக் கிடைக்கும். அதை மீன் அடிக்கும், ஆனால் முள் ஏறாது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெட்டன் 1890களில் பாஸ் மீனுக்காக மரத்தில் தவளை செதுக்கினார். இன்று நாம் வாங்கும் உள்ளீடற்ற றப்பர் உடலின் நன்மை, முள் களையில் சிக்காமல் உடலுக்குள் ஒளிந்து கிடப்பது. வீட்டுக்கு வந்ததும் பக்கவாட்டுக் கால் இழைகள் மிக நீளமாக இருந்தால் ஒரு பக்கத்தைச் சற்றுக் கத்தரித்துவிடுங்கள். இழுக்கும்போது தவளை ஒரே இடத்தில் நின்று இடம் வலமாகத் திரும்பும்.

7. தவளையை மீன் இருக்கும் இடத்தின் மேலேயே போடக் கூடாது. அதைத் தாண்டி நாலைந்து அடி தள்ளி, முடிந்தால் களை மேலேயோ எதிர்க்கரைப் புல்லிலேயோ விழ வையுங்கள். அங்கிருந்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கட்டும். இரண்டு சிறிய வெட்டு, ஒரு நிறுத்தம். திறந்த இடத்துக்கு வந்ததும் நீண்ட நிறுத்தம். பலரும் இந்த நிறுத்தத்தில்தான் பொறுமை இழந்து சுற்றிவிடுகிறார்கள். கடி வருவதோ அப்போதுதான்.

8. இனி முக்கியமானது. தண்ணீர் வெடித்ததும் கை தானாகத் தடியைத் தூக்கும். தூக்கினால் தவளை உங்கள் முகத்துக்கு வரும். விரால் குளத்திலேயே நிற்கும். களைக்குக் கீழே இருந்து பாயும் மீனுக்கு இரை சரியாகத் தெரிவதில்லை, முதல் அடி அடிக்கடி தவறிப்போகும். கவ்வினாலும், வாய்க்குள் தவளை நசுங்கிய பிறகுதான் முள்ளுக்கு வேலை. ஆகவே சத்தம் கேட்டதும் தடி நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள், தளர்ந்த நூலைச் சுற்றி எடுங்கள், பாரம் கையில் தெரிந்ததும் பலமாக ஒரே இழுவை. மட்டக்குளிக் கரையில் வயதான ஒருவர் பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னதைவிட இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை: “தம்பி, சத்தத்துக்கு இழுக்காதை. பாரத்துக்கு இழு.” அடி தவறினால் தவளையைத் திரும்ப எடுக்காதீர்கள். அதே இடத்தில் கிடக்கட்டும். கொஞ்சம் நடுங்க வையுங்கள். பெரும்பாலும் இரண்டாவது தடவை வரும். வராவிட்டால் வேறு மூலைக்குப் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்புங்கள்.

9. ஸ்பின்னர்பெய்ட் என்பது விரித்த ஊக்குப் போன்ற கம்பி. ஒரு கையில் சுழலும் தகடு, மறு கையில் ஈயத் தலையும் இழைப் பாவாடை போட்ட முள்ளும். கம்பி முன்னால் போவதால் கம்பு, தூண், புல் எதிலும் முள் எளிதில் மாட்டாது. தகடு இரு வகை. வட்டத் தகடு மெதுவாகச் சுற்றித் தண்ணீரை அதிர வைக்கும். நீள இலைத் தகடு வேகமாகச் சுற்றி மின்னும். நம் கால்வாய்த் தண்ணீர் கலங்கல், அதில் மீன் கண்ணைவிட உடலால் உணரும் அதிர்வை நம்பும். எனவே வட்டத் தகடுதான். எடை ஏழு முதல் பத்துக் கிராம் போதும். கலங்கலுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த பச்சை, இருட்டும் வேளையில் கறுப்பு. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தகடு தண்ணீரை மேலே புடைக்க வைக்கும் வேகத்தில் இழுங்கள். தூண் அருகே வந்ததும் ஒரு கணம் விட்டு இறக்குங்கள். இதில் தவளைக்குச் சொன்ன பொறுமை கூடாது: இடித்த உடனே இழுக்க வேண்டும். முள் வெளியே திறந்திருப்பதால் காத்திருந்தால் மீன் துப்பிவிடும். பொல்கொடையில் உப்பு ஏறும் பகுதிகளில் கொடுவாவும் இதை அடிக்கும்.

10. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்கையும் முள்ளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் லூர் சாய்ந்து ஓடும். கையாலேயே நிமிர்த்திவிடலாம்.

11. தகடு தொலைந்தால் கடைக்கு ஓட வேண்டாம். குசினியில் ஒதுக்கிப் போட்ட தேக்கரண்டியின் குழிப்பகுதியை அறுத்து, ஓரத்தை அரத்தால் மழுக்கி, குறுகிய முனையில் ஒரு துளை போட்டால் தகடு தயார். இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் வெர்மொன்ட்டைச் சேர்ந்த ஜூலியோ புயெல் கரண்டி வடிவ லூருக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். அதேபோல் தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடிப்பாகம் நன்றாக மிதக்கும். பெருவிரல் அளவுக்கு வெட்டி, முன்முகத்தைக் குழிவாகச் செதுக்கி, நடுவால் கம்பி செலுத்தி முள் மாட்டினால், இழுக்கும்போதெல்லாம் ‘டுப்’ என்று தண்ணீரைத் துப்பும் மேல்மிதவை கிடைக்கும். திறந்த தண்ணீருக்கு மட்டும் இது சரி, களையில் மாட்டும்.

12. தண்ணீர் மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் குமிழியிட்டு நகர்ந்தால் அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் கீழேயே காவல் நிற்கும். அதற்குள் தவளையைப் போட்டால் உறுதியாக அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பெரிய மீனை அப்படி எடுத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். சின்னக் குளத்தில் ஒரு சோடி போனால் அடுத்த வருடத்து மீனே போனது. இதைச் சாதுரியம் என்று காட்டும் காணொளிகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. தயவுசெய்து அந்தக் கூட்டத்தை விட்டு விலகி நடங்கள்.

13. தண்ணீருக்குள் இறங்காதீர்கள். பொல்கொடையிலும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. 2022 ஜனவரியில் தெஹிவளை - கல்கிசைக் கடலோரத்தில் சுழியோடிய ஒருவர் முதலைக்குப் பலியானார். மாட்டிய லூருக்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது எந்த விலைக்கும் தகாது. நூலை அறுத்து விடுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றிலும் கால் வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. போய் வந்த நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கால்வாய்க் கரையில் நின்றதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி வழக்கம். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கத்தோடு தடியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

14. புது லூர் வாங்கியதும் குறட்டால் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கிவிடுங்கள். மீன் சற்றுக் கூடத் தப்பலாம். ஆனால் விரலில் ஏறினால் வந்த வழியே இழுத்து எடுக்கலாம், விடுகிற மீனுக்கும் காயம் குறைவு. கண் அருகில் ஏறினாலோ ஆழமாக ஏறினாலோ நீங்களே பிடுங்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

15. பிளாட் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் லூர் பெட்டி மூடியில்லாமல் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு முள்ளுக்கும் உறிஞ்சு குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டிவிடலாம். பொல்கொடைத் தண்ணீரில் உப்பு உண்டு. வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றுங்கள். தவளையின் வயிற்றுக்குள் புகுந்த தண்ணீரை முள் துளை வழியாகப் பிழிந்து எடுக்காவிட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை லூர் பெட்டியில் போட்டு வையுங்கள். றப்பர் இழைப் பாவாடை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழந்தைப் பவுடர் கொஞ்சம் தூவலாம். மென்பிளாஸ்டிக் புழுக்களைக் கடினப் பிளாஸ்டிக் லூர்களோடு ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றையொன்று கரைத்துப் பசையாக்கிவிடும்.

16. பேரை வாவியிலும் நகரக் கால்வாய்களிலும் பிடித்த மீனைச் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சேரும் தண்ணீர் அது, பிடித்து விட்டுவிடுங்கள். நல்ல தண்ணீர் மீன் என்றால் கொண்டுபோகலாம். ஆனால் விரால் வாளியில் இருந்து துள்ளி வெளியேறும், தண்ணீரின்றியும் நெடுநேரம் உயிரோடு கிடந்து வேதனைப்படும். எனவே வைத்திருக்க நினைத்தால் கரையிலேயே தலையில் அடித்து உடனே கொன்றுவிடுங்கள். வழுவழுப்புப் போகக் கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மண் வாடைக்கு மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் பூசிக் கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பழப்புளிக் குழம்பில் போடுங்கள்.

17. அறுந்த தங்கூசியைக் கரையில் எறிந்தால் நீர்க்காகத்தின் காலிலும் கூழைக்கடாவின் அலகிலும் சுற்றும். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது கொழும்பு. இந்த நகரச் சதுப்பில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் நம்மைப் போலவே மீனுக்காகக் கரையில் காத்திருக்கின்றன. ஒரு பழைய யோகட் கோப்பையை இடுப்புப் பையில் வைத்து, அறுந்த நூலை எல்லாம் அதில் சுருட்டிக்கொண்டு வாருங்கள்.

18. பிடித்த மீனை உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். மீன் தொட்டியில் வளர்த்த கத்திமீன் பொல்கொடைக்குள் பெருகியதும், தெதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் வெளிநாட்டு விரால் பெருகி அங்குள்ள மீனவரின் வலையை வெறுமையாக்கியதும் யாரோ ஒருவர் ஒரு வாளியைக் கவிழ்த்ததில் தொடங்கியிருக்கக்கூடிய கதைகள். உங்கள் தூண்டிலில் அப்படி அறிமுகமில்லாத மீன் வந்தால் தண்ணீரில் திரும்ப விடாமல், படம் எடுத்து நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபைக்குத் தெரியப்படுத்துங்கள்.