படுகை ஏறிய தண்ணீரின் கணக்கு

சிவில் பிரிவில் ஹைட்ராலிக்ஸ் படித்த எல்லோருக்கும் மேனிங் சூத்திரம் மனப்பாடம். 1889-இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் கொடுத்தது. குறுக்குவெட்டுப் பரப்பு, நீரியல் ஆரம், வாட்டம், சொரசொரப்பு எண் தெரிந்தால் ஓடும் நீரின் அளவு வந்துவிடும். வாய்க்காலுக்கு இது போதும். முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம் மாதிரி, படுகை உள்ள ஆறு என்றால்தான் வில்லங்கம்.

படுகை பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா படுகையில் வாழை போடுகிறவர். ஓடுபாதைக்கும் வெள்ளக்கரைக்கும் நடுவே உள்ள நிலம் அது. பெருவெள்ளத்தில்தான் தண்ணீர் ஏறும்.

கால்குலேட்டரை எடுங்கள். ஓடுபாதை 50 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம், செங்குத்துக் கரைகள். வாட்டம் 2500-க்கு 1. சொரசொரப்பு எண் 0.03. விளிம்பு வரை ஓடினால் விநாடிக்கு 304 கன மீட்டர். இருபுறமும் 100 மீட்டர் படுகை. அதில் அரை மீட்டர் தண்ணீர் ஏறுகிறது. மொத்தத்தையும் ஒரே வெட்டாக எடுத்துப் போட்டால் 252-தான் வரும்! தண்ணீர் ஏற ஏற ஓட்டம் குறையுமா? அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். நனைசுற்றளவு 58-லிருந்து 259 மீட்டராகத் தாவி, நீரியல் ஆரம் 3.45-லிருந்து 1.25-க்கு விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஓடுபாதை விளிம்பில் செங்குத்துக் கோடு போட்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கோட்டை நனைசுற்றளவில் சேர்க்கக் கூடாது. நடுவில் 370. பயிர் நிற்கும் படுகைக்கு 0.06 வைத்தால் இரண்டும் சேர்ந்து 21. மொத்தம் 391. ஒரே வெள்ளக்குறியை வைத்து 252-க்குப் பாலம் கட்டுவதும் 391-க்குக் கட்டுவதும் ஒன்றா?

391-உம் கொஞ்சம் கூடுதல்தான். நடுவில் வேகமாகப் போகும் தண்ணீரைப் படுகைத் தண்ணீர் பிடித்து இழுக்கும். எல்லையில் சுழல்கள் உண்டாகும். செல்லின் என்பவர் 1964-இல் ஆய்வுக்கூட மாதிரியில் இதைக் காட்டினார்.

சொரசொரப்பு எண்ணை ஏனோதானோவென்று போடாதீர்கள். படுகையில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கும்போது 0.06-க்கு இரு படுகையிலும் 130 கன மீட்டர் போகும். சீமைக்கருவேல் மண்டி 0.1 ஆனால் 78-தான். மீதி 52 கன மீட்டருக்கும் வழி வேண்டுமே, அதனால் மட்டம் இன்னும் ஏறும். கரைக்கு அந்தப்பக்கம்தான் எங்கள் தெரு.