ஸ்லைடைக் கொடுத்தால் வகுப்பு காலியாகிவிடுமா?

கேள்வி: பொறியியல் கல்லூரியில் வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. மாணவர்கள் கேட்டதால் பி.பி.டி.யை வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தேன். இப்போது யாரும் நோட்டே திறப்பதில்லை. "பழக்கிக் கெடுத்துவிட்டாய்" என்கிறார் மூத்த பேராசிரியர். நிறுத்தினால் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– ஆர்.கே., நாமக்கல்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் யாரையும் கெடுத்துவிடவில்லை. ஸ்லைடைத் தொடர்ந்து கொடுங்கள். எதை, எப்போது கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

முதலில், ஸ்லைடே இல்லாத வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். உங்கள் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வந்தவர்களாக இருப்பார்கள். ஆங்கிலத்தில் நீங்கள் சொல்வதைக் கேட்டு, புரிந்து, எழுத்துக்கூட்டி எழுதுவதற்குள் நீங்கள் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுவீர்கள். அவர்கள் கை எழுதிக்கொண்டிருக்கும், காது மூடியிருக்கும். குறிப்பெடுத்தல் குறித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கென்னத் கியூரா என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர், விரிவுரையின் முக்கியக் கருத்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மாணவர் குறிப்பில் ஏறுகிறது என்கிறார். அங்கே பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி. நம் பிள்ளைகளின் நிலையை யோசியுங்கள். காது மந்தமான மாணவர் ஒருவர் இருந்துவிட்டால், ஸ்லைடுதான் அவருக்கு வகுப்பே.

உங்கள் மூத்தவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எல்லாம் கையில் இருந்தால் பாடம் தலையில் இருப்பதுபோல ஒரு மயக்கம் வரும். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, மீட்டெடுத்துப் (பக்கத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப்) பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். இன்டர்னலுக்கு முந்தின இரவு ஸ்லைடை நாலு முறை தள்ளிப் பார்க்கும் மாணவன் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறான் என்பது இதிலேயே விளங்கும்.

அதனால் முழு ஸ்லைடைக் கொடுக்காதீர்கள். இடைவெளி விட்ட குறிப்பை (தலைப்பும் படமும் இருக்கும், முக்கியமான இடங்கள் காலியாக இருக்கும்) வகுப்புக்கு முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். கார்னோ சுழற்சியையே எடுத்துக்கொள்வோம். அழுத்தம்–பருமன் வரைபடத்தைப் பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்க வேண்டாம், அதை நீங்களே அச்சிட்டுக் கொடுங்கள். நான்கு வளைகோடுகளில் எது வெப்பநிலை மாறா நிகழ்வு, எது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று எழுதும் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். வெப்பமூலம் 600 கெல்வின், வெப்ப ஏற்பி 300 கெல்வின் என்று போட்டு, பயனுறுதிறனுக்குக் கட்டம் மட்டும் வரையுங்கள். 50 சதவீதம் என்ற விடை அவர்கள் கையால் விழட்டும். வருவிப்புகளை (ஒரு சூத்திரத்தைப் படிப்படியாகப் பெறுவதை) ஸ்லைடில் போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்குக் கரும்பலகைதான் சரி. நீங்கள் எழுதும் வேகம்தான் அவர்கள் யோசிக்கும் வேகம்.

அடுத்த வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, நேற்றைய பாடத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம். இதை மட்டும் விடாமல் செய்தால், சில வாரங்களில் நோட்டு தானாகத் திறக்கும்.

வருகை குறையுமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். 75 சதவீத விதி ஒருபுறம் இருக்கட்டும். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல், முழு விரிவுரைகளையே காணொலியாக இலவசமாகத் தருகிறது. அதனால் அங்கே வகுப்பறைகள் மூடப்பட்டுவிடவில்லை. உங்கள் ஸ்லைடைப் படித்தாலே வகுப்புக்கு வரத் தேவையில்லை என்ற நிலை இருந்தால், அந்த ஸ்லைடில் எழுத்து அதிகம் என்று அர்த்தம். பாதியைக் குறையுங்கள். விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும்.

பாடநூல் படங்களைச் சேர்க்கலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கற்பிக்கும்போது ஆசிரியர் நகலெடுப்பதை 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2016-ல் இதைத் தாராளமாகவே பொருள்கொண்டது. ஆனால் அது உங்கள் வகுப்புக்கான அனுமதி. ஊரறியப் பொதுவெளியில் ஏற்றாமல், வகுப்புக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தின் கீழே நூலின் பெயரையும் போட்டுவிடுங்கள்.