"சொல்லியும் போகல்ல": மற்றவரைத் தீர்ப்பிடுவது பற்றி ஒரு பாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 7:1-5, லூக்கா 13:1-9



2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். பலருடைய உடல்கூட கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

மண் காய்வதற்கு முன்னமே ஒரு பேச்சு கிளம்பியது. "2005லயும் சொன்னாங்க, 2011லயும் சொன்னாங்க. சொல்லியும் போகல்ல. அப்ப யாரு குத்தம்?" தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இரண்டு வருடங்களிலும் எச்சரித்தது உண்மைதான். ஆனால் இறந்தவர்கள் மேல் குற்றம் எழுதியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. போவதென்றால் எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலாளி பெயரில் ஒரு பேர்ச் காணி கிடையாது. லயத்தை விட்டுப் போனால் வேலை என்னாவது, பிள்ளைகளின் படிப்பு என்னாவது? தப்பியவர்களுக்கே புது வீடு கிடைக்க 2016 ஒக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை பல குடும்பங்கள் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் காலம் தள்ளின.

இதே மாதிரிப் பேச்சு இயேசுவின் காலத்திலும் இருந்தது. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று ஊர் பேசியது. இயேசு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. செத்தவர்கள் எருசலேமிலுள்ள மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அதோடு விடவும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனம் திரும்புங்கள் என்றார். விரலை நீட்டியவர்கள் பக்கமே விரல் திரும்பியது.

மலைப்பிரசங்கத்தில் அவர் அளவைப் பற்றியும் பேசுகிறார். நாம் பிறருக்கு வைக்கும் அளவுதான் நமக்கும் வைக்கப்படும் என்பது அதன் கருத்து. அளவு என்றால் என்னவென்று கொழுந்து மடுவத்தில் நிற்கும் பெண்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிக்கும்போது நெஞ்சு எரிகிறதே! 1948ஆம் ஆண்டு சட்டம் நம் மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தபோது நம் தாத்தா பாட்டிமாரை யாரும் ஒவ்வொருவராக நிறுத்துப் பார்க்கவில்லை. 'கள்ளத்தோணி' என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் அளந்துவிட்டார்கள். அந்தத் தராசின் கீழ் நின்றவர்கள் நாம்.

ஆனால் நம் பீலிக்கரையில் எந்தத் தராசு தொங்குகிறது? வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளையைப் பார்த்து, "அங்க என்ன செஞ்சாளோ" என்கிறோம். ஏஜென்சிக்காரன் ஏமாற்றியதையோ, போன வீட்டில் சம்பளம் கொடுக்காததையோ அவள் யாரிடம் சொல்லுவாள்? வாயைத் திறந்தால் அதுவும் கதையாகிவிடும் என்று பயந்து உள்ளேயே வைத்துக்கொள்ளுகிறாள். குடிக்கிறவனை "அவன் குடும்பமே அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். பெரட்டில் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் அவனுடைய மகனுக்கும் அது கேட்கிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். திருவள்ளுவரும் 'புறங்கூறாமை' அதிகாரத்தை முடிக்கும்போது, பிறர் குற்றத்தைப் பார்க்கும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்கச் சொல்லுகிறார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'தீர்ப்பிடாதே' என்ற வசனத்தைச் சொல்லியே அடுத்தவர் வாயை மூடவைக்கிறவர்களும் உண்டு. பெண்சாதியை அடிக்கிறவன் அதைச் சொல்லித் தப்பப் பார்ப்பான். இயேசு அப்படிக் கற்பிக்கவில்லை. தோற்றத்தைப் பார்த்து அல்ல, நியாயமாகத் தீர்மானியுங்கள் என்று அவரே யோவான் 7:24இல் சொல்லியிருக்கிறார். அடி அடிதான், களவு களவுதான், மலையில் வெடிப்பு இருந்தால் வெடிப்புதான். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் தடுப்பது, ஒரு மனிதனை இவன் இவ்வளவுதான் என்று முடித்து வைப்பதை.

துரும்பு, உத்திரம் கதையையும் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடுகிறவனைத் தச்சர் வீட்டுப் பிள்ளை கேலி செய்கிறார். ஆனால் துரும்பை அப்படியே விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. முதலில் உன் கண்ணைச் சரி செய், பிறகு அதை எடுக்க உனக்கு வழி தெரியும் என்கிறார். கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்குத் தாய் எப்படி எடுக்கிறாள்? தலையைப் பிடித்து, மெதுவாக ஊதி, சேலை நுனியால். திட்டிக்கொண்டே அந்த வேலையைச் செய்ய முடியுமா?

சீலோவாம் பேச்சு முடிந்தவுடன் இயேசு ஓர் அத்திமரக் கதை சொல்லுகிறார். மூன்று வருடமாகக் காய்க்கவில்லை, வெட்டிப்போடு என்கிறார் சொந்தக்காரர். இந்த வருடமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். மரம் நல்ல மரம் என்று அவன் வாதாடவில்லை. காலம் கேட்டான், வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டான். கவ்வாத்து வெட்டின மலையை வெளியாள் பார்த்தால் செத்த குச்சிகள் என்றுதான் சொல்லுவான். துளிர் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் நாம். வெட்டு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கொத்துவதற்கு மண்வெட்டி வேண்டும், எரு வேண்டும், ஒரு வருடமும் வேண்டும்.

பதுளை மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று குறித்த இடங்களில் இன்றும் லயங்கள் இருக்கின்றன. அடுத்த மழையில் எச்சரிக்கை வரும். அப்போது ஒரு வீட்டுக்காரர் நகராமல் இருந்தால், "சொல்லியும் போகல்ல" என்று பேசுவதற்கு முன் அந்தக் கதவைத் தட்டிக் கேட்போம். இன்று ராத்திரி எங்கே படுப்பீங்க? கிழவியை யார் தூக்கி வருவது? ஆடு மாட்டை யார் பார்ப்பது? நம்ம காம்பராவில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறதா?