இதழியல் தாளும் செய்தியறைத் தமிழும்

இந்தியாவில் பல்கலைக்கழக இதழியல் கல்வியின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1941இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. பின்னர் இக்கல்வி வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், மக்கள் தொடர்பு ஆகியவற்றையும் தழுவித் தொடர்பியல் என விரிந்தது. தமிழ்த்துறைகளிலோ அது பெரும்பாலும் ‘இதழியல்’ என்னும் ஒற்றைத் தாளாகவே நிற்கிறது. 1882இல் சுதேசமித்திரன் தோன்றிய வரலாற்றை மாணவர் அறிவர். ஒரு செய்தியைச் செப்பனிடும் முறையை அரிதாகவே பயில்கின்றனர்.

1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனாரின் ‘இதழாளர் கையேடு’ இங்குக் கருதத்தக்கது. மக்கள் வழங்கும் எளிய சொல்லே செய்திக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. அது வரலாறன்று, தொழிற்பயிற்சி. செய்தியறைத் துணையாசிரியர் செய்வது யாது? நீண்ட தொடரை முறித்தல், எழுவாய் பயனிலை இயைபு காத்தல், வல்லினம் மிகுமிடம் அறிதல், தலைப்பைச் சில சொற்களுள் அடக்குதல். இவற்றுள் இடைப்பட்ட இரண்டும் இலக்கண வகுப்பில் உள்ளவை. ஏனைய இரண்டையும் நம் பாடத்திட்டம் தொடுவதேயில்லை எனலாம். மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், திரைப்படத் துணையுரை ஆகிய பணிகளுக்கும் இந்நான்கே அடிப்படை. (நன்னூலைத் தேர்வுக்கென மட்டும் படித்தவர் அங்குத் தடுமாறுவதில் வியப்பில்லை.) இதழியல் தாளின் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை, அன்றைய செய்தி ஒன்றைத் திருத்தி எழுதும் செய்முறைக்கு ஒதுக்குதல் தகும்.