நேற்றைய கணக்கு இன்று காணோமா?

சித்தேரி மலையில் சாமை மூட்டைகளின் எடையைப் பைத்தான் நிரல் வழியாகக் கோப்பில் ஏற்றுகிறீர்களா? பழைய பதிவு மாயமானால், பெரும்பாலும் கோப்பைத் திறந்த விதம்தான் காரணம்.

1. தினக்கணக்குக் கோப்பைத் திறக்கும் முறை எழுத்தாக 'டபிள்யூ' போடாதீர்கள், 'ஏ' போடுங்கள். 'டபிள்யூ' திறந்த நொடியிலேயே, ஒரு எழுத்துகூட எழுதும் முன், உள்ளே இருந்ததைத் துடைத்துவிடும். (ஒரு வாரக் கணக்கைத் தொலைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது.) 'ஏ' கடைசியில் சேர்க்கும். ஆனால் வரிமுறிவை நீங்கள்தான் தர வேண்டும். மறந்தால் 42 கிலோவும் 38 கிலோவும் ஒட்டி 4238 ஆகிவிடும்.

2. பார்க்க மட்டும் என்றால் 'ஆர்'. கைதவறி எழுத வழியே இல்லை.

3. புதுக் கோப்புக்கு 'எக்ஸ்'. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அதைத் தொடாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

4. என்கோடிங் யூடிஎஃப்-8 என்று மறக்காமல் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் பல விண்டோஸ் கணினிகளில் 'சாமை' என்ற சொல்லே ஏறாது.

5. கோப்பை 'வித்' கட்டளை கொண்டே திறங்கள். நடுவில் பிழை வந்தாலும் கோப்பு மூடப்படும். மூடாத கோப்பில் எழுதியது இன்னும் நினைவகத்திலேயே நிற்கலாம்; கரண்ட் போனால் அதுவும் போச்சு.