சராசரியும் சிதறலும்

வேதநாராயணப் பெருமாள் கோயிலால் அறியப்படும் நாகலாபுரம், ஊத்துக்கோட்டையிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய சித்தூர் மாவட்டத்தின் பெயர்பெற்ற விளைபொருள், கிளிமூக்கு என நாம் அழைக்கும் தோத்தாபுரி மாம்பழம். அதில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. விலை ஆண்டுதோறும் ஏறி இறங்கும். 2025 பருவத்தில் அது சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்து வழங்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. அந்த 12 ரூபாயையே பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

இப்பகுதியில் இரு தோட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். எண்கள் கணக்குக்காக நாம் அமைத்தவை. ஐந்தாண்டுகளில் முதல் தோட்டத்துக்குக் கிடைத்த விலை 11, 12, 12, 12, 13 ரூபாய். இரண்டாவதற்கு 4, 8, 12, 16, 20. இரண்டுக்கும் சராசரி 12 ரூபாயே. சாகுபடிச் செலவுக்கும் கடன் தவணைக்கும் சேர்த்துக் கிலோவுக்கு 10 ரூபாய் வேண்டுமெனில், முதல் தோட்டக்காரர் ஓராண்டும் தவறமாட்டார். இரண்டாமவருக்கோ ஐந்தில் இரண்டு ஆண்டுகள் பற்றாக்குறை. சராசரியை மட்டும் பார்த்து இருவருக்கும் ஒரே தவணையை விதிப்பது முறையன்று என்பதே நம் கருத்து.

இந்த வேறுபாட்டை அளக்க எளிய வழி வீச்சு: பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பது. முதல் தோட்டத்துக்கு 2, இரண்டாவதற்கு 16. ஆனால் வீச்சு இரு முனைகளை மட்டுமே காண்கிறது. இடையில் உள்ளவை எப்படியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

எல்லா எண்களையும் கணக்கில் கொள்வது திட்ட விலக்கம். 1890களில் இப்பெயரை வழங்கியவர் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன். இரண்டாம் தோட்டத்தில் ஒவ்வொரு விலையிலிருந்தும் 12ஐக் கழித்தால் -8, -4, 0, 4, 8. இவற்றை அப்படியே கூட்டினால் எப்போதும் சுழியமே வரும். ஆகவே வர்க்கப்படுத்துகிறோம்: 64, 16, 0, 16, 64. கூட்டுத்தொகை 160, ஐந்தால் வகுக்க 32, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.66 ரூபாய். முதல் தோட்டத்துக்கு இதே கணக்கு 0.63 ரூபாயே தரும். (இவ்வைந்து ஆண்டுகளை நெடுங்காலத்தின் மாதிரியாகக் கருதினால் ஐந்துக்குப் பதில் நான்கால் வகுப்பர், அப்போது 6.32, 0.71 என வரும்.)

திட்ட விலக்கம் சொல்லாத ஒன்றும் உண்டு. அது வரிசையை அறியாது. நல்ல விலை முதலில் வந்தால் மிச்சத்தைச் சேமித்துப் பின்வரும் நட்டத்தை ஈடுகட்டலாம். 4 ரூபாயும் 8 ரூபாயும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்தால், ஆண்டுக்கு 5,000 கிலோ விற்பவருக்கு 40,000 ரூபாய் துண்டு விழும். கடன் வாங்குமுன் அந்த அளவுக்கேனும் வைப்புத்தொகை கையிருப்பில் இருப்பது நலம்.

நெல் மூட்டை விலையையும் மாம்பழக் கிலோ விலையையும் ஒப்பிட வேண்டின் ரூபாயில் அமைந்த விலக்கம் உதவாது. அதைச் சராசரியால் வகுத்து நூற்றால் பெருக்குக. மாறுபாட்டுக் கெழு கிடைக்கும். நம் தோட்டங்களுக்கு அது முறையே சுமார் 5 விழுக்காடும் 47 விழுக்காடும் ஆகும்.