விடுமுறை நாள்: ஓய்வும் உயர்வும்

மும்பை மாநகரின் சயான் பகுதியை மராத்தி மக்கள் 'ஷீவ்' என்று அழைக்கின்றனர். எல்லை என்பது அச்சொல்லின் பொருள். 1669-க்கும் 1677-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஜெரார்ட் ஆஞ்சியர் பம்பாயின் ஆளுநராக இருந்தபோது, இங்குள்ள சிறு குன்றின்மீது ஒரு கோட்டை எழுப்பப்பட்டது. ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்ச்சுகீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் நடுவிலிருந்த எல்லையை அது காத்து நின்றது. இன்று அங்கே காவலும் இல்லை, பகையும் இல்லை. அடிவாரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. விடுமுறை நாட்களில் மக்கள் குழந்தைகளுடன் வந்து இளைப்பாறுகின்றனர்.

நிலத்திற்கு எல்லை இருப்பதுபோல் வேலைக்கும் ஓர் எல்லை வேண்டும். வரப்பு இல்லாத வயலில் நீர் தங்குவதில்லை. இடைவெளி இல்லாத உழைப்பில் மனமும் தங்குவதில்லை. ஆறு நாட்களின் ஓட்டத்திற்குப் பிறகு வரும் ஒரு நாள் அத்தகைய வரப்பு. அந்த நாளை மனிதன் எவ்வாறு பயன்படுத்துகிறான் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆறு நாட்களின் தரம் அமைகிறது.

போராடிப் பெற்ற நாள்

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தானாக வந்ததன்று. சயானுக்குத் தெற்கே பரேல், லால்பாக் பகுதிகளில் ஒரு காலத்தில் பஞ்சாலைகள் வரிசையாக நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழிலாளர்கள் விடியல் முதல் அந்தி வரை உழைத்தனர். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது உறுதியான உரிமையாக இருக்கவில்லை.

நாராயண் மேகாஜி லோகண்டே (1848–1897) என்பவர் பஞ்சாலை ஒன்றில் கிடங்குப் பொறுப்பில் இருந்து, தொழிலாளர் படும் துன்பத்தை அருகிலிருந்து கண்டவர். மகாத்மா ஜோதிராவ் புலேயின் வழியில் நின்ற அவர் 'தீனபந்து' இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். 1884-இல் அவர் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஏறத்தாழ 5,500 தொழிலாளர்களின் ஒப்பத்துடன் ஒரு விண்ணப்பம் உருவாயிற்று. ஞாயிறுதோறும் ஓய்வு வேண்டும் என்பது அதன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. உழைக்கும் மராத்தி மக்கள் வழிபடும் கண்டோபா தெய்வத்திற்கு உகந்த நாளும் ஞாயிறே.

ஆண்டுகள் கடந்தன. 1890 ஏப்ரல் 24 அன்று மகாலட்சுமி பகுதியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் கூடினர். அக்கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள் இருவர் எழுந்து பேசினர் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இசைந்தது. 1891-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைச் சட்டமாகவும் ஆக்கியது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை லோகண்டேயின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்று பலர் படுக்கையில் புரண்டபடியே கழித்துவிடும் ஒரு நாளுக்காக அந்த மனிதர்கள் ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

சாத்திரம் காட்டும் ஓய்வு

ஆன்மிக வாழ்வு என்றால் ஓய்வே கூடாது என்று சிலர் எண்ணுகின்றனர். நம் மரபு அவ்வாறு கூறவில்லை. வேத பாடசாலைகளில் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகள் 'அனத்யயன' நாட்கள். அன்று புதிய பாடம் நடப்பதில்லை. வேதத்தையே ஓதுபவனுக்கும் இடைவெளி தேவை என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைப் பற்றியது. அங்கே பதினேழாம் சுலோகத்தில் ஸ்ரீகிருஷ்ணர், உணவு, விஹாரம், செயல், உறக்கம், விழிப்பு ஆகியவற்றில் அளவோடு இருப்பவனுக்கே யோகம் துயர் தீர்ப்பதாக அமையும் என்கிறார். 'விஹாரம்' என்ற சொல் பொழுதுபோக்கையும் உலாவுதலையும் குறிக்கும். ஆதிசங்கரர் தம் உரையில் அதற்கு அடியெடுத்து வைத்து நடத்தல் என்று பொருள் கொள்கிறார். ஆக, பொழுதுபோக்கு விலக்கப்படவில்லை. அளவு மட்டுமே வலியுறுத்தப்படுகிறது.

மூன்று வகை இன்பம்

எந்தப் பொழுதுபோக்கு நல்லது? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் இன்பத்தை மூன்றாகப் பிரித்து ஓர் உரைகல்லைத் தருகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மயக்கத்தையே தருவது தாமச இன்பம். நண்பகல் வரை உறங்கி, எஞ்சிய பொழுதைத் தொலைக்காட்சியின் முன்போ கைபேசியிலோ கழிப்பது இவ்வகை. தொடக்கத்தில் அமுதமாகவும் முடிவில் நஞ்சாகவும் இருப்பது ராஜச இன்பம். கூட்டத்தில் முண்டியடித்து, தேவையற்றதை வாங்கி, கடனோடும் களைப்போடும் வீடு திரும்புவது இவ்வகை. தொடக்கத்தில் கசந்து முடிவில் அமுதமாவது சாத்துவிக இன்பம். விடியலில் எழுவது கடினம்தான்; எழுந்து நடந்தவனுக்கோ அந்த நாள் முழுவதும் ஒளி.

இந்த உரைகல்லைப் பயன்படுத்தும் முறை எளிது. ஞாயிறு இரவு உறங்கச் செல்லும்போது மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். திங்கட்கிழமையை நினைத்து அஞ்சினால் அன்றைய ஓய்வு ஓய்வாகவில்லை. மனம் தெளிந்து, வேலையை வரவேற்கும் நிலையில் இருந்தால் விடுமுறை தன் பணியைச் செய்துவிட்டது.

அருகிலேயே உள்ள செல்வம்

நல்ல விடுமுறைக்குப் பெரும் பொருள் தேவையில்லை. சயானைச் சுற்றி வாழும் ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் கோட்டைக் குன்றின்மீது ஏறலாம். சங்கரர் கூறிய 'விஹாரம்' அங்கே நிறைவேறும். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஏறத்தாழ 37 ஏக்கர் பரப்புள்ள அந்த நிலம் ஒரு காலத்தில் மாநகரின் குப்பைமேடு. குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது, மண் இடப்பட்டது, மரங்கள் நடப்பட்டன. 1994-இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வாழ்கின்றன. மனத்தைப் பண்படுத்தும் வழியும் இதுவே. முதலில் குப்பை சேர்வதை நிறுத்த வேண்டும். பின்னர் நல்லதை நட வேண்டும். அதன்பின் பொறுமையுடன் காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்த நூலில் கிடைக்கும்?

மாலையில் மாதுங்கா ஆஸ்திக சமாஜத்தில் தரிசனம் செய்யலாம். கிங்ஸ் சர்க்கிள் அருகே ஸ்ரீ சண்முகானந்தா சபையின் அரங்கம் உள்ளது. 1952-இல் தொடங்கப்பட்ட அச்சபையின் அரங்கம் 1963-இல் திறக்கப்பட்டது. 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் எழுந்தது. இசை கேட்டு மனம் ஒருமுகப்படுவதும் ஒருவகைத் தியானப் பயிற்சியே.

விடுமுறையில் விளைந்த அமுதம்

விடுமுறை நாள் எத்தகைய பயனைத் தர முடியும் என்பதற்கு மகேந்திரநாத் குப்தரின் வாழ்வு சான்று. 'ம' என்று அன்பர்கள் அறிந்த அவர் கல்கத்தாவில் பள்ளித் தலைமையாசிரியர், குடும்பஸ்தர், குடும்பக் கவலைகளால் மனம் நொந்திருந்தவர். 1882 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் ஆறுவதற்காகத் தோட்டங்களில் உலாவச் சென்றவர், அப்படியே தட்சிணேசுவரத்தை அடைந்து ஸ்ரீராமகிருஷ்ணரைத் தரிசித்தார். அதன்பின் ஞாயிறுகளிலும் பிற விடுமுறைகளிலும் அங்கு செல்வது அவரது வழக்கமாயிற்று. கேட்டவற்றை வீடு திரும்பியதும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அக்குறிப்புகளே பின்னர் 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த 'ஸ்ரீராமகிருஷ்ண கதாமிருதம்' ஆயின. அவர் வேலையையும் விடவில்லை, இல்லத்தையும் துறக்கவில்லை. ஓய்வு நாட்களை உயர்ந்தவரின் அருகில் கழித்தார். அதன் பலனை இன்று உலகமே நுகர்கிறது.

யாருடைய விடுமுறை?

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. வீட்டில் அனைவருக்கும் ஞாயிறு விடுமுறை. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு? பெரும்பாலான இல்லங்களில் அன்றுதான் அவளுக்கு வேலை இருமடங்கு. கணவர் தாமதமாக எழுகிறார், பிள்ளைகள் விதவிதமான பலகாரம் கேட்கின்றனர், விருந்தினர் வருகின்றனர். 1890-இல் பெண்கள் மேடையேறிப் பேசிப் பெற்ற நாள் அது. அதே நாளில் இல்லத்தின் பெண்ணுக்கு ஓய்வு இல்லை என்றால், பெற்றது முழுமையாகுமா?

பெற்றதைத் திரும்பக் கொடுக்காமல் தானே துய்ப்பவனை கீதையின் மூன்றாம் அத்தியாயம் கள்வன் என்கிறது. பிறர் உழைப்பின்மீது படுத்துறங்கும் ஓய்வுக்கும் இது பொருந்தும். ஆகவே வரும் ஞாயிறன்று காலைக் காபியைக் கணவர் போடட்டும். பாத்திரங்களைப் பிள்ளைகள் துலக்கட்டும். சமையலை எளிமையாக்கி, அன்னையையும் அழைத்துக்கொண்டு குடும்பம் வெளியே நடக்கட்டும். வீட்டுவேலைக்கு வரும் அம்மாளுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு கிடைக்கட்டும். இதற்கு ஒரு மணி நேரத் திட்டமிடலும் சற்று மனமும் போதும். அன்றிரவு இல்லத்தில் அனைவரும் ஒரே நேரத்தில் உறங்கச் செல்வார்களானால், அந்த வீட்டில் விடுமுறை உண்மையாகவே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.